பீரோவில் இரண்டு பாஸ்போர்ட்

பாப்பாவின் அப்பாவுக்கு,

போனில் பேசினால் ஏதாவது சமாதானம் சொல்லிவிடுவீர்கள். அதனால் எழுதுகிறேன்.

லீவில் தளிக்கு வந்த அன்றே என்னுடையதும் பாப்பாவுடையதுமாக இரண்டு பாஸ்போர்ட்டையும் அத்தை வாங்கிப் பீரோவில் பூட்டினார். பத்திரமாக இருக்கட்டும் என்றார். நாளை மறுநாள் சிங்கப்பூரில் நான் வேலையில் சேர வேண்டும். கேட்கும்போதெல்லாம் சாவியைக் காணோம் என்றார்.

இன்று காலை சாவியைக் கேட்காமலே பெட்டியில் துணி அடுக்கினேன். பார்த்துக்கொண்டே நின்ற அத்தை அழுதுவிட்டார்.

“உன் புருஷன்தான் குடுக்காதேன்னான். நீ வேலைய உட்டுட்டு இங்கியே இருக்கணுமாம். நான் என்னம்மா பண்ணட்டும்?”

சாவியை என் கையில் வைத்துவிட்டு, ரோஜா பறிக்கத் தோட்டத்துக்குப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை நீங்கள் ஊருக்கு வந்ததும் பீரோவைத்தான் முதலில் பார்ப்பீர்கள். பாஸ்போர்ட் இருந்த இடத்தில் இந்தக் கடிதம் இருக்கும்.

ஓசூர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. சாவி கேட்டு அத்தையிடம் சத்தம் போடாதீர்கள். பீரோவை நான் பூட்டவில்லை.

பாப்பாவின் அம்மா