அண்ணத்தில் ஒரு குரல்

அன்புள்ள உங்களுக்கு,

இங்கே நானும் வாலுவும் சௌக்கியம் என்றுதான் முதல் வரி எழுத வேண்டும். எழுதிவிட்டேன். இனி உள்ளதை எழுதுகிறேன்.

உங்கள் கப்பல் சமையற்காரர் விடுமுறை முடிந்து கிளம்புகிறார். அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். போனில் சொல்லக் கூடாதா என்று நினைப்பீர்கள். எடுத்தால்தானே சொல்வதற்கு? கடலில் சிக்னல் இல்லை என்று நீங்கள் அனுப்பும் ஒற்றை வரி எனக்கு மனப்பாடமே ஆகிவிட்டது. வாலு கடைசியாக உங்களிடம் பேசிய அன்று கப்பல் துறைமுகத்தில் நின்றதாகவும், எல்லாரும் வீட்டுக்கு ஆசைதீரப் பேசியதாகவும் சமையற்காரர் வெள்ளந்தியாகச் சொன்னார். காபி கொடுத்து அனுப்பினேன்.

குழந்தைக்கு மேலண்ணத்தில் கிளிப் பொருத்திய அன்றே போட்டோ அனுப்பினேன். போட்டோவில் தெரியாததைச் சொல்கிறேன். இரண்டு பக்கமும் கடைவாய்ப் பல்லில் வளையம், நடுவில் ஒரு ஸ்க்ரூ, அந்த ஸ்க்ரூவில் ஊசித் துளை. தினமும் சாயங்காலம் மெல்லிய சாவி ஒன்றை அதில் விட்டு, முன்னாலிருந்து தொண்டைப் பக்கமாக ஒரு தடவை தள்ள வேண்டும். தள்ளத் தள்ள மேல்தாடை அகலும். பல்லுக்கு இடம் கிடைக்கும், இவள் வாயைப் பிளந்துகொண்டு மூச்சுக்குத் திணறித் தூங்குவது நிற்கும். இந்த வயதை விட்டால் எலும்பு இறுகிவிடும், பிறகு ஆபரேஷன்தான் என்று பல் டாக்டரம்மா கண்டிப்பாகச் சொன்னார். குறுகலான அண்ணம் பரம்பரையாக வருமாம். உங்களுக்கும் இப்படித்தானா என்று என்னைப் பார்த்துக் கேட்டார். ஆமாம் என்று சொல்லவா, இல்லை என்று சொல்லவா? இவள் அம்மாவுக்கு இருந்திருக்கும் டாக்டர் என்றேன். அவர் ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார்.

மூக்குக்கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க அரிசியைவிடச் சின்ன ஸ்க்ரூவை முடுக்குகிற கை இது. அந்தக் கை முதல் நாள் துளையைத் தேடித் தடவியதைப் பார்த்திருந்தால் சிரித்திருப்பீர்கள். மூத்தாள் குழந்தையின் வாய்க்குள் இளையாள் கம்பியை விட்டுத் திருகுகிறாள் என்றால் கேட்கிறவர்களுக்கு ஒரு மாதிரியாகத்தான் இருக்கும். எனக்கே இருந்தது.

அதனால் அவளோடு ஓர் ஒப்பந்தம் போட்டேன். என் மடியில் தலை வைத்துப் படுத்துக்கொள்ள வேண்டும், டார்ச்சை அவளே பிடிக்க வேண்டும், அவளுக்கு எவ்வளவு வலிக்கிறதோ அந்த அளவுக்கு என் காதைத் திருகிக்கொள்ளலாம். சும்மா சொல்லக் கூடாது, முதல் வாரம் காது பிய்ந்து வந்துவிடும் போலிருந்தது. மூக்குத்தண்டில் அழுத்துகிறது என்பாள், கண்ணுக்குள் வலிக்கிறது என்பாள். எல்லாவற்றையும் மசித்துக் கொடுத்தேன். அண்ணத்துக்கும் கிளிப்புக்கும் நடுவில் ஒட்டிக்கொள்வதை ஊசியில்லாத சிரிஞ்சால் தண்ணீர் பீய்ச்சி எடுத்தோம். என் முகத்தில் பீய்ச்சியதுதான் அதிகம்.

பேச்சுதான் குழறியது. நாக்கு மேலே போய் நிற்க இடமில்லாமல் வார்த்தையெல்லாம் காற்றும் எச்சிலுமாக வந்தது. சத்தம் போட்டுப் படித்தால் பழகிவிடும் என்று டாக்டரம்மா சொன்னதால் பேப்பர், மருந்துச்சீட்டு, பிஸ்கட் உறை என்று கையில் கிடைத்ததையெல்லாம் இரண்டு பேரும் போட்டி போட்டு வாசித்தோம். அவள் என்னைச் சித்தி என்று கூப்பிட்டபோது அது விசிலடித்தது. விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். எனக்கு அது வெறும் குழறல், அவ்வளவுதான்.

நீங்கள் கூப்பிட்ட அன்று அவள்தான் ஓடிப்போய் எடுத்தாள். சாப்பிட்டாச்சா, எப்ப வர்றீங்க என்று கேட்டாள். இவ்வளவுதான் கேட்டாள். நான் அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வருவதற்குள் போனைக் காதிலிருந்து எடுத்து வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா கட் பண்ணிட்டாரு என்றாள். சிக்னல் போயிருக்கும் என்று நான்தான் உங்களுக்காகப் பொய் சொன்னேன்.

மறுநாள் உங்கள் தங்கை வந்தாள். வாலு கதவைத் திறந்து, வாங்க, உள்ள வாங்க என்றதுதான் தாமதம், பழப்பையோடு அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். அடுப்படிக்கு அழைத்துப்போய்த் தண்ணீர் கொடுத்த பிறகுதான் அவளுக்குப் பேச்சு வந்தது. அண்ணி இப்படித்தான் பேசுவாங்க, செத்துப்போன அண்ணியே வந்து கதவத் தெறந்த மாதிரி இருந்துச்சு, எங்க அண்ணன் கேட்டா தாங்க மாட்டாரு என்று அழுதாள். நான் நேரில் பார்த்திராத அக்காவுக்கும் வார்த்தைகள் காற்றோடுதான் வருமாமே? போட்டோக்கள் இருக்கின்றன, குரல் எதிலும் பதியவில்லை என்றும் சொன்னாள். கதவுக்குப் பின்னால் வாலு நின்றதை நாங்கள் பார்க்கவில்லை.

அன்றோடு அவள் பேச்சு நின்றுவிட்டது. வீட்டில் தலையாட்டல், பள்ளிக்கூடத்தில் அதுவும் கிடையாது. டீச்சர் என்னைக் கூப்பிட்டு, வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று என்னை ஏற இறங்கப் பார்த்தார். வாய் ஓயாத பிள்ளை என்று வாலு என்று பெயர் வைத்தீர்களே, வந்து பாருங்கள்.

ஆனால் வீடு அமைதியாக இல்லை. அவள் அறைக் கதவு சாத்தியிருக்கும்போது உள்ளே ஒரு பொம்பளைக் குரல் முணுமுணுக்கும். திறந்தால் நிற்கும். துணி மடிக்கிறபோது பின்னால் யாரோ நின்று, இப்படி இல்லை என்று சொல்வதுபோல முதுகு கூசும். அக்காவின் குரல் எப்படி இருக்கும் என்றே எனக்குத் தெரியாது. தெரியாத குரலுக்கு ஒருத்தி பயப்படுவாளா? நான் பயந்தேன். உங்கள் அலமாரியில் அவர் புடவைகள் இருந்த தட்டை இன்னும் காலியாகத்தான் வைத்திருக்கிறேன், அந்தப் பக்கம் போகவே பிடிக்கவில்லை.

இதற்கிடையில் சாவி திருப்புவது மட்டும் சுலபமாகிவிட்டது. வாலு என் காதைத் தொடுவதே இல்லை. பழகிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். டாக்டரம்மா பார்த்துவிட்டு, ஒழுங்காகத் திருப்புகிறீர்களா, தாடை அகன்றிருந்தால் இந்நேரம் முன்பல் நடுவில் சந்து விழுந்திருக்க வேண்டுமே என்றார். சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன். திருப்பிக் காட்டச் சொன்னார், காட்டினேன், சரிதான் என்றார். அகலாவிட்டால் கழற்ற முடியாதே கண்ணு, கழற்றினால்தானே பேச்சு பழையபடி வரும் என்று குழந்தையின் கன்னத்தைத் தட்டினார். வாலு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நேற்று இதோடு எழுதுவதை நிறுத்திவிட்டேன். அடுத்ததை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. இன்றும் தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

போன வாரம் கடையில் கரண்ட் போனதால் சீக்கிரம் வந்துவிட்டேன். குளியலறைக் கதவு ஒருக்களித்திருந்தது. வாலு முக்காலி மேல் நின்று, கண்ணாடி முன்னால் வாயைத் திறந்து, சாவியை உள்ளே விட்டிருந்தாள். டாக்டரம்மா கொடுத்த இரண்டு சாவியில் ஒன்று காணாமல் போனதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, அது இவளிடம்தான் இருந்திருக்கிறது. நான் சாயங்காலம் உள்பக்கமாகத் தள்ளியதை மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வெளிப்பக்கமாக இழுத்துவிடுகிறாள். தினமும். அவள் அண்ணம் ஒரு நூல்கூட நகரவில்லை.

கை ஓங்கிவிட்டேன். அடிக்கவில்லை. ஏண்டி, ஏண்டி என்று நான்தான் அழுதேன்.

அப்போதுதான் பேசினாள். அது அகண்டுட்டா கழட்டிடுவாங்க சித்தி, கழட்டிட்டா அம்மா போயிடுவாங்க என்றாள். எனக்கு அம்மா மொகம் ஞாபகமில்ல, போட்டோதான் ஞாபகம், இந்தக் கொரல் மட்டும் நெசமா ஞாபகமிருக்கு என்றாள். அப்படியானால் ஏன் யாரிடமும் பேசுவதில்லை என்று கேட்டேன். அப்பா பயந்துட்டாரு, அத்தை அழுதாங்க, அதான் எனக்கு மட்டும் பேசிக்கறேன் என்றாள்.

என்ன தோன்றியதோ, எனக்கு ஒரு தடவை பேசிக் காட்டு, நான் கேட்டதே இல்லையே என்றேன். பிறகு முக்காலியில் திரும்பி நின்றாள், எனக்கு முதுகுதான் தெரிந்தது. மழ வர்ற மாதிரி இருக்கு, கொடியில கெடக்கற துணிய எடுத்துடு கண்ணு என்றாள்.

குழந்தை பேசுகிற வேகமே இல்லை அதில். எடுத்தாச்சுக்கா என்று என் வாய் பதில் சொல்லிவிட்டது. எப்படி வந்தது என்று தெரியவில்லை. முக்காலியைப் பிடித்துக்கொண்டேன். ஆனால் ஒன்று சொல்கிறேன், கேட்ட பிறகு பயம் போய்விட்டது. அவர் குரலில் என்மேல் கோபம் எதுவும் இல்லை. துணி நனையக் கூடாது என்கிற கவலை மட்டும்தான் இருந்தது. அந்தக் கவலை எனக்கும் தெரிந்ததுதான்.

அன்றிலிருந்து நான் சாவியைத் தொடவில்லை. இப்போது வாலு என்னோடு ஓர் ஒப்பந்தம் போட்டிருக்கிறாள். அப்பா ஒரு தடவ கட் பண்ணாம முழுசா கேக்கட்டும், அப்புறம் நீ எவ்வளவு வேணா திருப்பிக்கோ என்றாள். டாக்டரம்மா நாள் கடத்தாதீர்கள் என்கிறார். அவள் கையைப் பிடித்துக்கொண்டு வலுக்கட்டாயமாக என்னால் திருப்ப முடியும், அதற்குப் பலம் இருக்கிறது. மனசு இல்லை. நீங்கள் கேட்காமலே நான் திருப்பினால், அக்காவை இந்த வீட்டிலிருந்து இரண்டாந்தடவை அனுப்பியவள் நான் என்றாகிவிடும். உங்கள் மகள் பெரியவளாகி என்னை எதற்கு வேண்டுமானாலும் திட்டட்டும், இதற்குத் திட்டக் கூடாது.

உங்கள்மேல் கோபமாகத்தான் எழுத உட்கார்ந்தேன். எழுத எழுத அது குறைந்துவிட்டது. அந்தக் குரலை ஒரு நாள் கேட்டதற்கே எனக்கு இப்படி என்றால், அதோடு வாழ்ந்தவர் நீங்கள். பயப்பட்டதில் தப்பில்லை. பயந்துகொண்டே கேளுங்கள்.

கப்பல் அடுத்த துறைமுகத்தைத் தொட்டதும் கூப்பிடுங்கள். அவளே எடுப்பாள். அழுகை வந்தால் அழுங்கள், என்ன சொல்லத் தோன்றுகிறதோ சொல்லுங்கள், அவளாகப் போனை வைக்கிற வரைக்கும் நீங்கள் வைக்காதீர்கள். நான் மாடிக்குப் போய்விடுகிறேன். அது உங்கள் மூன்று பேர் பேச்சு.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். எல்லாம் பேசி முடித்த பிறகு, மனசு வந்தால், சித்தியைக் கூப்பிடு என்று அவளிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். கல்யாணமான நாளிலிருந்து நான் போனை எடுத்தால் வாலு எங்கே என்றுதான் கேட்டிருக்கிறீர்கள். நானும் உங்களைச் சாப்பிட்டாச்சா என்று கேட்கக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி