செல்ஃப் அடிக்குது, ஸ்டார்ட் ஆவல

26.5.2025, திங்கள்

இன்றைக்கும் வந்தது. சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தேன். அவர் தட்டையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கண் திறந்திருக்கிறது, ஆள் இல்லை. வாய் வெறுமனே மெல்லுகிறது, இடது கை சட்டைப் பொத்தானைத் தேய்த்துக்கொண்டே இருக்கிறது. தோளைத் தொட்டுக் கூப்பிட்டேன். பதில் இல்லை. அரை நிமிஷம் இருக்கும். பிறகு, "இன்னா விஜி, அப்பளம் இல்லியா?" என்றார்.

கேட்டால் யோசித்துக்கொண்டிருந்தாராம். பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரியவே இல்லை. அதுதான் எனக்குப் பயம்.

போன வாரம் பருத்திப்பட்டு சிக்னலில் இதே மாதிரி. பச்சை விழுந்துவிட்டது, பின்னால் எல்லோரும் ஹாரன் அடிக்கிறார்கள், இவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சிலையாக. நான் பக்கத்து சீட்டில். வண்டி நின்றிருந்ததால் தப்பித்தோம். ஓடிக்கொண்டிருந்தால்?

அடுத்த திங்கள் பள்ளிக்கூடம் திறக்கிறது. எங்கள் மகள் ரோஷினியும் தெருப் பிள்ளைகள் மூன்று பேரும் அந்த வண்டியில்தான் போக வேண்டும். அவர்களை இறக்கிவிட்டு நாள் முழுக்க கால்டாக்ஸி சவாரி வேறு.

27.5, செவ்வாய்

ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். "நல்லா கீற ஆள நோயாளி ஆக்காத. இத்தினி வருசமா வண்டி ஓட்றேன், ஒரு கீறல் உண்டா?" என்று கத்தினார்.

கீறல் இல்லைதான்.

28.5, புதன்

படம் பிடித்துக் காட்டலாம் என்று போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு அலைகிறேன். கேமராவைத் திறப்பதற்குள் முடிந்துவிடுகிறது. பிள்ளைகளின் வீட்டில் சொல்லிவிடலாமா? நானே என் புருஷன் பிழைப்பைக் கெடுப்பதா? சொல்லாமல் இருந்து ஏதாவது ஆகிவிட்டால் — அப்புறம் நான் உயிரோடு இருந்து என்ன?

29.5, வியாழன்

செய்துவிட்டேன்.

கம்பெனியில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு அம்பத்தூரிலிருந்து வந்தேன். அவர் சாப்பிட்டுப் படுத்திருந்தார். பானெட்டைத் திறந்தேன். ஃப்யூஸ் பெட்டி மூடியின் உள்பக்கம் எது எதற்கு என்று படமே போட்டிருக்கிறது. பெட்ரோல் பம்பின் நீல ஃப்யூஸைப் பிடுங்கினேன். அது இல்லாவிட்டால் எஞ்சினுக்குப் பெட்ரோல் போகாது. முன்னே சார்ஜர் போட்டு எரிந்துபோன ஒரு நீல ஃப்யூஸ் டாஷ்போர்டில் கிடந்தது. அதைச் சொருகிவிட்டேன். பார்த்தால் ஒரே மாதிரிதான். நல்லது என் கைப்பையில் இருக்கிறது.

திருடி மாதிரி இருக்கிறது.

30.5, வெள்ளி

காலையிலிருந்து கர்ர் கர்ர் என்று அந்தச் சத்தம். எஞ்சின் சுற்றுகிறது, பிடிக்கவில்லை. பெட்ரோல் இருக்கிறதா பார்த்தார். எலி ஒயரைக் கடித்ததா என்று டார்ச் அடித்துத் தேடினார். ஏர்போர்ட் சவாரிக்காரர் போனில் திட்டியதைத் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். சொல்லிவிடலாம் என்று வாசல் வரை போனேன். போய்விட்டுத் திரும்பி வந்தேன்.

மெக்கானிக் கோவிந்தராஜ் அண்ணன் நாளைக்கு வருகிறாராம். இவரோடு கோவில்பதாகையில் ஒன்றாகப் படித்தவர். கண்டுபிடிக்காமல் விடமாட்டார்.

31.5, சனி

எழுதிவிட்டால்தான் தூக்கம் வரும்.

அண்ணன் வந்ததும், "செல்ஃப் நல்லா அடிக்குது, ஸ்டார்ட் ஆவல. அப்ப பேட்டரி ஓகே மச்சான்" என்றார். அடுத்து ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினார். காய்ந்திருந்தது. "பெட்ரோலே வர்ல பாரு." பின்சீட்டில் காதை வைத்து, சாவியைப் போடச் சொன்னார். பம்ப் ஓடினால் சின்னதாக 'உய்ங்' என்று கேட்குமாம். கேட்கவில்லை. இனி ஃப்யூஸ்தான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நான் கதவோரம், பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு.

"இரு, கரண்டு வருதான்னும் பாத்துடலாம்" என்று பிளக்கை அதன் ஒயரில் மாட்டி எஞ்சின்மேல் வைத்தார். "அடி மச்சான்." இவர் சாவியைத் திருப்பினார். நீலமாகப் பொறி வந்தது. "போதும், நிறுத்து" என்று பிளக்கை எடுக்கக் கையை நீட்டினார்.

எஞ்சின் நிற்கவில்லை. சுற்றிக்கொண்டே இருந்தது. ஷாக் அடித்து அண்ணன் கையை உதற, பானெட் கொக்கியில் கிழித்துக்கொண்டது. "டேய், நிறுத்துறா! தசரதா! நிறுத்துறா!"

ஓடினேன். இவருடைய வலது கை சாவியை முறுக்கியபடியே விறைத்திருந்தது. வாய் மெல்லுகிறது. இடது கை பொத்தானில். விரல்களைப் பிரித்து நான்தான் நிறுத்தினேன். அண்ணன் ஜன்னல் பக்கம் வந்து குனிந்தார். "மச்சான்… டேய்… என்ன பாருடா." இவர் அவரைத் தாண்டி எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு கண் சிமிட்டினார். "பிளக் இன்னாடா சொல்லுது?" என்றார். அப்புறம்தான் ரத்தம் கண்ணில் பட்டது. "கை இன்னாடா ஆச்சு?"

அண்ணன் இன்னொரு கையால் காயத்தைப் பொத்திக்கொண்டார். "நிறுத்து நிறுத்துன்னு கத்துனனே. உன் காதுல உய்லியா?"

"எப்ப கத்துன? போடா" என்று சிரித்தார். எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

அண்ணன் துணியைச் சுற்றிக்கொண்டு ஃப்யூஸ் பெட்டியைத் திறந்தார். நீலத்தை உருவி வெளிச்சத்தில் பிடித்தார். "எரிஞ்சிகீது. ஏன் எரிஞ்சிது? எங்கியோ ஒயர் உரசுது, எல்லாத்தையும் பிரிக்கணும்…"

"பிரிக்காதீங்கண்ணா. நான்தான் மாத்தினேன்."

எப்படி வாயில் வந்ததோ. பையிலிருந்து நல்லதை எடுத்து நீட்டினேன். இவர் என்னைப் பார்த்த பார்வை — அடித்திருந்தால்கூடத் தேவலை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அண்ணன் அதை வாங்கிக்கொள்ளவில்லை. "அவன் கைல குடு தங்கச்சி. நான் மாட்டமாட்டேன்."

1.6, ஞாயிறு

ரோஷினியிடம் மட்டும் பேசுகிறார். ஃப்யூஸையும் சாவியையும் டிவி பக்கத்தில் வைத்துவிட்டேன். இதற்கு மேல் என்னால் ஒன்றும் செய்ய முடியாது. நாளைக்குப் பள்ளி.

2.6, திங்கள்

விடிந்ததும் பார்த்தேன், டிவி பக்கத்தில் இரண்டும் இல்லை. வெளியே பானெட் மூடும் சத்தம். அப்புறம் வண்டி ஒரே அடியில் ஸ்டார்ட் ஆனது. எனக்கு உயிரே போய்விட்டது. ஓடிப்போய்க் கேட்டின் குறுக்கே நின்றேன். என்ன செய்திருப்பேன், தெரியாது.

இவர் சீட்டில் உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு அணைத்துவிட்டு இறங்கினார். என்னைத் தாண்டி, எதிர்வீட்டு வாசலில் போய் நின்றார். "ஒடம்பு சரியில்லீங்க. புள்ளைங்களுக்கு வேற வண்டி பாத்துக்கங்க." மூன்று வீட்டிலும் அவரேதான் சொன்னார்.

ரோஷினியை பஸ்ஸில் கொண்டுபோய் விட்டேன். வழியெல்லாம் அழுதேன்.

11.6, புதன்

ஆஸ்பத்திரியில் இவர் தலையில் ஒயர் ஒட்டி டெஸ்ட் எடுத்தார்கள். வலிப்புதானாம். கை கால் இழுக்காமலும் வருமாம். மாத்திரை. டாக்டர் சொல்லும் வரை வண்டி தொடக் கூடாது. இவர் கேட்டது ஒன்றே ஒன்று: "எனக்கு ஏன் சார் தெரில?"

வெளியே வந்து என்னிடம், "நீ என்ட சொல்லிட்டுப் புடுங்கியிருக்கலாம்" என்றார்.

சொன்னேனே. எத்தனை முறை சொன்னேன். ஆனால் வாயை மூடிக்கொண்டேன்.

19.6, வியாழன்

பாரிவாக்கத்து டிரைவர் அசோக் எங்கள் வண்டியை ஓட்ட எடுத்துக்கொண்டார். தெரு முனை திரும்பும் வரை இவர் பார்த்துக்கொண்டே நின்றார்.

6.7, ஞாயிறு

மாத்திரை ஆரம்பித்த பிறகு குறைந்திருக்கிறது. இப்போதெல்லாம் விளக்கு வைக்கும் நேரத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கேட்கிறார்: "இன்னிக்கி வந்துச்சா?" அவருக்கு என்னைத் தவிர சாட்சி யார்?

இன்றைக்கும் கேட்டார். முகம் தெளிவாக இருந்தது. ரோஷினியோடு விளையாடிவிட்டு வந்திருந்தார். இல்லை என்று சொல்லிவிட ஆசையாக இருந்தது.

"வந்துச்சு. காலைல, பல்லு வெளக்கும்போது. கொஞ்ச நேரம்தான்."

தலையாட்டினார். "சரி. டாக்டராண்ட சொல்லணும், ஞாபகப்படுத்து" என்று சொல்லிவிட்டு, என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.