நாற்பத்தொன்றாம் பக்கம்

பிடோக்,
புதன்கிழமை

அன்புள்ள ரக்ஷனா,

நானும் அப்பாவும் சுகமாகவே இருக்கிறோம். ம்யூனிக்கில் குளிர் தொடங்கியிருக்கும், உன் இருமல் விட்டதா என்று எழுது. உன் போன் உன் நிறுவனம் கொடுத்தது, அதனால் இதை அதில் அனுப்ப மனமில்லை. அங்கே வர இன்று விமானம் ஏறும் உன் தோழி கவிப்ரியாவிடம் கொடுத்தனுப்புகிறேன்.

சனிக்கிழமை தேக்கா மார்க்கெட்டில் நெய்னா முகம்மதைப் பார்த்தேன், பேஜர் தொழிற்சாலையில் என் பக்கத்து மேசைக்காரர். உன் காப்புரிமையை எதிர்த்து வழக்குப் போட்டிருக்கும் நிறுவனத்தின் வக்கீல் அவரைத் தேடிப் பிடித்திருக்கிறார். இத்தனை வருஷம் கழிச்சு என் கையெழுத்துக்கு மவுசு வந்திருக்கு லா, நோட்டு உங்ககிட்டதான் இருக்கும்னு சொல்லிட்டேன் தங்கச்சி, என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நேற்று அந்த வக்கீல் வீட்டுக்கே வந்துவிட்டார். தொழிற்சாலையில் நான் எழுதிய வேலை நோட்டு இருக்கிறதா என்றார், இருக்கிறது என்றேன்.

நாங்கள் எழுதிய ஒவ்வொரு பக்கத்தையும் இன்னொருவர் படித்து, அடியில் தேதியிட்டுக் கையெழுத்துப் போடுவது அங்கே வழக்கம். நாற்பத்தொன்றாம் பக்கத்தில் நான் எழுதியிருப்பது, ரிசீவர் தூங்கி எழுந்து, வரும் அழைப்பு எண்ணின் தொடக்கத்தை மட்டும் கேட்டு, தன் எண் இல்லையென்றால் மீதியைக் கேட்காமலே மறுபடி தூங்கி பேட்டரியை மிச்சப்படுத்தும் முறை. கீழே நெய்னாவின் கையெழுத்து, 1999. உன் காப்புரிமை சொல்வதும் அதைத்தான். அது மட்டுமென்றால் காப்புரிமை செல்லாமல் போகும், அவ்வளவுதான். ஆனால் ஓரத்தில் பென்சிலில் உன் கணக்கு இருக்கிறது, கடைசி வருடப் புராஜெக்ட்டுக்காகப் போட்டது, தேதியோடு. என்னைப் பார்த்துப் பழகியவள், தேதி போடாமல் எதையும் எழுத மாட்டாய். இந்த யோசனையை வேறெங்கும் பார்த்ததில்லை என்று நீ சத்தியப் பத்திரத்தில் கையெழுத்திட்டிருப்பதாக வக்கீல் போகிற போக்கில் சொன்னார், என் முகத்தையே பார்த்துக்கொண்டு.

பென்சில்தானே, ரப்பர் போட்டா யாருக்குத் தெரியப் போவுது என்கிறார் அப்பா. நீ அழுத்தி எழுதுகிறவள், தாளில் தடம் போகாது. போனாலும் அழிக்க விடமாட்டேன். நோட்டைப் பூட்டி வைத்திருக்கிறேன், சாவி என் கைப்பையில்.

மறந்துபோய்க் கையெழுத்திட்டாயா, தெரிந்தேவா என்று நான் கேட்கவில்லை. கேட்டால், நாளைக்குக் கோர்ட்டில் என்னைக் கேட்கும்போது உன் பதிலை நான் சொல்ல வேண்டி வரும். நிறுவனத்து வக்கீலை நம்பாதே, அவர் நிறுவனத்தைத்தான் காப்பாற்றுவார். உனக்கென்று ஒருவரை வைத்துக்கொண்டு, அவர் மூலம் நீயே முந்திக்கொண்டு கோர்ட்டுக்கு உண்மையைச் சொல். வேலை போகலாம். பொய்ச் சத்தியம் என்று ஆகிவிட்டால் வேலையோடு நிற்காது.

நேரத்துக்குச் சாப்பிடு. நீ நன்றாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு வேண்டுதல் இல்லை, இதைப் படித்த பிறகும் அதை நம்பு. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அவர் மறுபடி வருகிறார், நோட்டைக் கொடுத்துவிடுவேன். அப்போது உனக்கு விடிகாலை மூன்று மணி. ஞாயிற்றுக்கிழமைக்குள் அந்த உண்மையை நீயே சொல்லிவிடு.

உன் அம்மா