கண்காட்சி நாளில் ஏழு பெயர்கள்

காயல்பட்டினம்,
ஜனவரி 31

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். ஓசூர்க் குளிரில் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? திரும்பி வராமல் போகலாம் என்று தெரிந்தும் மனிதர்களை ஏன் விண்வெளிக்கு அனுப்புகிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள். இயற்பியல் ஆசிரியையான எனக்கும் பதில் தெரியவில்லை.

நாளை எங்கள் பள்ளியில் விண்வெளிக் கண்காட்சி. 2003-இல் அமெரிக்காவின் கொலம்பியா விண்கலம் சிதறி ஏழு பேர் இறந்த நாளும் அதுதான். அவர்கள் பெயர்களைப் பெற்றோர் முன்னால் வாசிக்கப்போகிறேன் என்றேன். தலைமையாசிரியர் ராஜபாண்டிக்குப் பிடிக்கவில்லை.

"குலசேகரப்பட்டினத்துல ராக்கெட் தளமே வருது. நல்ல நாளும் அதுவுமா சாவுப் பேச்சு எதுக்கு டீச்சர்? நஜ்லாவோட உம்மா இன்னும் விண்ணப்பத்துல கையெழுத்துப் போடல. பயந்துரும்லா!"

நஜ்லா விண்வெளிப் பொறியியல் படிக்கத் துடிக்கிற எங்கள் மாணவி; அந்தப் படிப்புக்கான விண்ணப்பத்தில்தான் அவள் அம்மா கையெழுத்துப் போட வேண்டும். இருந்தாலும், ஆபத்தை மறைத்து வாங்கும் கையெழுத்து எனக்கு வேண்டாம், வாசிக்கத்தான் செய்வேன் என்று சொல்லிவிட்டேன்.

என் பழைய மூக்குக்கண்ணாடியை அனுப்புங்கள். தம்பி பிள்ளைகளை ஒரு வரியாவது எழுதச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கே பேச ஆளில்லை. மணி அடித்துவிட்டது.

மகள்,
சுகுணா

பிப்ரவரி 1: தபாலில் போடுவதற்குள் இதையும் எழுதிவிடுகிறேன். ஏழு பெயர்களையும் வாசித்தேன். முடிந்ததும் நஜ்லாவின் உம்மா ஹாஜரா பீவி நேரே என்னிடம் வந்தார்.

"எங்க காக்காவும், என் மூத்த அண்ணன், கடல்ல தோணியோட போயிட்டாஹ. உடம்பு கரை ஒதுங்கல, மய்யித்து கிடைக்கல. மய்யித்து இல்லாமலே பள்ளிவாசல்ல அவஹளுக்காகக் கடைசித் தொழுகை தொழுதாங்க. அடுத்த மாசமே என் தம்பி கடலுக்குப் போனான்."

பிறகு பேனாவைக் கேட்டார். "பயந்துக்கிட்டுதான் போடுறேன் டீச்சர்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.