வரிசையாக முளைத்தது

அப்பா,

சாப்பாடு அடுப்பின் மேல் மூடி வைத்திருக்கிறேன். சூடு பண்ணிச் சாப்பிடுங்கள். என் மேல் உள்ள கோபத்தைச் சாப்பாட்டில் காட்டாதீர்கள்.

மானிய ஆபீசர் இன்று மதியம் நிலம் பார்க்க வருகிறார். கேட் சாவி ஆணியில் தொங்குகிறது. நிலத்தைத் தரிசாகப் போட்டால்தான் அரசாங்கம் மானியம் தரும் என்று தெரிந்தும் மேற்கு மூலையில் சோளம் விதைத்துவிட்டீர்கள். கேட்டால், "சும்மா கிடக்கிற மண்ணைப் பாத்துக்கிட்டு எப்படிம்மா சாப்பாடு இறங்கும்?" என்கிறீர்கள். நேற்று நான் வாய்க்கு வந்தபடி கத்தியது பயத்தில்தான். இந்த மானியமும் நின்றுபோனால் நிலத்தை விற்பதைத் தவிர வேறு வழியில்லை.

விடிந்ததும் மண்வெட்டியோடு அங்கே போனேன். எல்லாம் இரண்டு இரண்டு இலை விட்டிருக்கிறது. வெட்ட மனசு வரவில்லை, திரும்பிவிட்டேன். அவர் வருவதற்குள் நீங்களே பிடுங்கிவிடுங்கள்.

பி.கு: உங்களாலும் முடியாவிட்டால், தானாக முளைத்தது என்று சொல்லிவிடுங்கள்.

வேண்டாம், அதைச் சொல்லாதீர்கள். கயிறு கட்டி விதைத்த மாதிரி நேர் வரிசையில் எதுவும் தானாக முளைக்காது. அம்மா போனதிலிருந்து நீங்கள் ஒரு வேலையை இவ்வளவு நேர்த்தியாகச் செய்து நான் பார்த்ததில்லை.

இருந்தாலும் பிடுங்கிவிடுங்கள், அப்பா.