இடது பக்கம் நிற்கும் கீப்பர்

லூனாஸ்,
ஞாயிறு மாலை.

அன்பு மருமகன் சிவநேசனுக்கு மாமா காளிதாசன் எழுதுவது. நாங்கள் நலம். உன் அத்தை உமாராணிக்கு முழங்கால் வலி மட்டும் இருக்கிறது, அதுவும் என்னைத் திட்டும்போது பறந்துவிடுகிறது. வாட்சாப்பில் நான் அனுப்புவதற்கெல்லாம் நீலக்கோடு விழுகிறது, பதில்தான் வருவதில்லை. அதனால் பேனாவை எடுத்தேன். ஆறாம் வகுப்போடு நான் நிறுத்தியதற்குக் காரணம், அதற்குமேல் எனக்குச் சொல்லிக்கொடுக்க அந்தப் பள்ளிக்கூடத்தில் ஆள் இல்லாததுதான். எழுத்துப் பிழை இருந்தால் அது பேனாவின் பிழை.

முதலில் கிளப் செய்தி. நீ கேப்டனாக இருந்த டீமா இது என்று அழுவாய். தலைவர் அய்யாவு நம் ஸ்ட்ரைக்கர் ரோனால்டைச் சுங்கைப் பட்டாணி கிளப்புக்குக் கொடுத்துவிட்டார். பதிலுக்கு என்ன வாங்கினார் தெரியுமா? புல்வெட்டும் மெஷின்! கூட்டத்தில் எழுந்து, "அண்ணே, நாளைக்குப் பெனால்டி அடிக்க அந்த மெஷினையா இறக்கப் போறீங்க?" என்று கேட்டேன். அந்தச் சிரிப்பு பினாங்கு வரைக்கும் கேட்டிருக்கும். அய்யாவு மட்டும், "காளி, நீ மேனேஜர்லா, கோமாளி இல்ல" என்றார். மெஷின் கொஞ்சம் வெட்டிவிட்டுப் புகைந்து நின்றது. ரோனால்ட் அங்கே போய் அடித்த முதல் கோல் நமக்கு எதிராகத்தான்.

அடுத்தது கீப்பர் விவகாரம். என் மகன் சத்தியசீலன் போனதிலிருந்து அந்த இடத்தில் யாருமே சரிப்படவில்லை. கரங்கான் கிளப்பிலிருந்து ரவிச்சந்திரன் என்ற ஒருவனைக் கொண்டுவந்தார்கள். கூலிமில் ஃபேக்டரி வேலை. உயரம் என்றால் உயரம், மழை அவன் தலையில் பெய்த பிறகுதான் நமக்கு வரும். நான்தான் கண்டுபிடித்தேன் என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.

அவனுடைய முதல் ஆட்டத்தில் நடந்ததைக் கேள். முனியாண்டி சூலம் இருக்கிற பக்கத்துக் கோலில் நின்றான். எதிர் டீம்காரன் இடது மூலைக்கு ஒரு சப்பைப் பந்து அடித்தான். நடந்துபோய் எடுக்கலாம். இவனோ வலது பக்கம் ஒதுங்கி வழிவிட்டான். பந்து உள்ளே. ஓடிப்போய்க் கத்தினேன். முகம் வெளுத்துப்போய், "அங்கிள், லெஃப்ட்ல அவரு பாஞ்சாரு. மோதிடக் கூடாதுன்னுதான் நகந்தேன்" என்றான். எவருடா என்றேன். "பச்ச ஜெர்சி. முழங்கைல கட்டு போட்டிருந்தாரு" என்றான்.

சீலனின் முழங்கைக் கட்டைப் பற்றி இந்தக் கரங்கான்காரனுக்கு யார் சொன்னார்கள்?

அய்யாவு செருப்பை விட்டுவிட்டு ஓடினார். நான் அசையவில்லை. செம்பனைக் காட்டில் புலிக்கே சுருட்டைக் காட்டித் திருப்பி அனுப்பியவன் நான். ஆனால் மருமகனே, என் முதுகுக்குப் பின்னால், "விடு, நான் பாத்துக்கிறேன்" என்று ஒரு குரல் கேட்டது. தடுப்பு ஆட்டக்காரர்களிடம் சீலன் எப்போதும் சொல்வானே, அதே குரல். இந்தக் கடிதத்தில் இந்த ஒரு இடத்தில் மட்டும் நான் எதையும் கூட்டிச் சொல்லவில்லை.

நம் கிளப்பின் வழக்கத்தை உனக்கு நான் சொல்ல வேண்டாம். புதியவன் வந்தால் கேப்டன் அவன் ஜெர்சியைச் சூலத்தடியில் வைத்து, அவன் பெயரைச் சொல்லி, "இவன் எங்களோடு நிற்பான்" என்று முனியாண்டியிடம் ஒப்படைப்பார். அவன் வேறு கிளப்புக்குப் போனால், ஒப்படைத்த அதே கேப்டன் அங்கே நின்று பெயரைச் சொல்லி, "விட்டேன்" என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவன் கால் வேறு எந்தத் திடலிலும் ஊன்றாது. ரோனால்டுக்குக் கூட, கோபத்தோடுதான் என்றாலும், அவனை ஒப்படைத்த இப்போதைய கேப்டன் பரஞ்சோதி சொல்லிவிட்டான். சீலனை ஒப்படைத்தது நீ. அவனுக்கு யாரும் சொல்லவில்லை. எரித்தோம், கரைத்தோம், இதை மறந்துவிட்டோம். காரியம் முடிந்த கையோடு நீ ஜொகூர் பஸ் ஏறிவிட்டாய்.

பரஞ்சோதி உனக்குப் பதிலாகச் சொல்லிப் பார்த்தான். காற்றே இல்லை, சூடம் அணைந்துவிட்டது. ரவிச்சந்திரன் இனி அந்தக் கோலில் நிற்க மாட்டேன் என்று ஜெர்சியை மடித்துக் கொடுத்துவிட்டான். கமிட்டி என்னைத்தான் பார்க்கிறது.

உண்மையைச் சொன்னால், எனக்கு அவசரம் இல்லை. தினமும் சாயந்தரம் அந்தக் கோலுக்குப் பின்னால் போய் உட்காருகிறேன். புல்லைக் கவனிக்கிறேன் என்று கமிட்டியிடம் சொல்லியிருக்கிறேன். பயிற்சி முடித்தவன் மூச்சு வாங்குவது போல ஒரு சத்தம் கேட்கும். இருந்துவிட்டுப் போகட்டுமே என்றுதான் இருந்தேன். உன் அத்தைதான், "புள்ள எத்தன நாளுங்க நிப்பான்? கால் வலிக்காதா?" என்று கேட்டாள். எதற்கும் பதில் வைத்திருக்கிறவன் நான். எழுந்துபோய் இந்தத் தாளைத் தேடி எடுத்தேன்.

நீ ஏன் வருவதில்லை என்று உன் அம்மா ரமணி சொன்னாள். அன்று ஆட்டம் முடிந்து வரும்போது மோட்டார் சைக்கிளை ஓட்டியது நீ, பின்னால் உட்கார்ந்திருந்தது சீலன். அதனால் என்ன? சிக்னல் போடாமல் திரும்பியது லோரிக்காரன். இந்த வீட்டில் உன்னை யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நான் விட்டிருப்பேனா?

ஜொகூர் கிளப்பில் ஆட உன்னை விடுவிக்கச் சொல்லி அம்மா மூலம் கேட்டிருக்கிறாய். கேப்டனை விடுவிப்பது மேனேஜர் வேலை. இங்கே வா. நீ அவன் பெயரைச் சொல், பிறகு நான் உன் பெயரைச் சொல்கிறேன். அவனிடம் நானும் தனியாகச் சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. இருந்தபோதே என் பேச்சைக் கேட்டவனா அவன்? நீ கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பான். சொல்லும்போது உனக்குக் குரல் வராவிட்டால் பரவாயில்லை, நான் பக்கத்திலேயே நிற்கிறேன்.

எந்தத் திடலில் ஆடினாலும் உன் கால்களுக்கு முனியாண்டி துணையிருக்கட்டும். பஸ்ஸிலேயே வா, மருமகனே. மோட்டார் வேண்டாம்.

வழி பார்த்திருக்கும் உன் மாமா,
காளிதாசன்,
டீம் மேனேஜர்.