முந்நூற்றைம்பது வாட்

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் மாடி வீட்டுத் தங்கை எழுதுகிறேன். இடுப்பு எலும்பு கூடிவிட்டது, கம்பை ஊன்றாமலே நாலு எட்டு வைக்கிறீர்கள் என்று உங்கள் தம்பி போனில் சொன்னார். வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. உங்கள் செடிகளுக்குத் தண்ணீர் விடுகிறேன், வாரம் இரண்டு தரம் ஜன்னல்களைத் திறந்து வைக்கிறேன். இவரும் இப்போது நன்றாக இருக்கிறார்.

அந்த 'இப்போது' என்ற வார்த்தைக்காகத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்ல ஆரம்பித்தால் நீங்கள் "சரி சரி, அடுப்புல பால் இருக்கு" என்று வைத்துவிடுவீர்கள்.

நீங்கள் ஊரில் இல்லாததால் இந்த மாதக் கரண்ட் பில் முதல் தடவையாக என் கைக்கு வந்தது. நானூற்றுப் பத்து யூனிட். நான் மாதாமாதம் உங்களிடம் தருகிற பணத்தைப் போல மூன்று மடங்கு. இரண்டு வீட்டுக்கும் ஒரே மீட்டர் என்றாலும் உங்கள் வீடு பூட்டிக் கிடக்கிறது, எனக்கு மட்டும் எப்படி இவ்வளவு வரும்? மீட்டருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்து, நம் தெரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். சட்டைப் பையில் எப்போதும் டெஸ்டர் செருகியிருப்பாரே, அவர்தான்.

டெஸ்டர் அண்ணன் எல்லா சுவிட்சையும் அணைக்கச் சொன்னார். இவருடைய மூச்சு மெஷினைக்கூட ஒரு நிமிடம் நிறுத்தினோம். மீட்டர் அசையவில்லை. "கரண்ட் எங்கயும் கசியலம்மா. நீங்கதான் சாப்பிடுறீங்க"ன்னு சொல்லிவிட்டு, ஒவ்வொரு சாமானுக்கும் பின்னால் ஒட்டியிருக்கும் வாட் எண்ணைப் பார்த்து எழுதச் சொன்னார். வாட்டை மணி நேரத்தால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் யூனிட். அவ்வளவுதானாம். நானும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நோட்டும் பென்சிலுமாகத் தவழ்ந்து தவழ்ந்து எழுதினேன். தையல் மெஷின் மோட்டார், மாதம் பதினெட்டு. இஸ்திரிப் பெட்டி முப்பது. அது ஒரு மணி நேரத்தில் குடிப்பதைத் தையல் மோட்டார் பத்து மணி நேரத்தில்தான் குடிக்கிறது. நான் இத்தனை நாளும் மோட்டாரைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்! ஃப்ரிட்ஜ் நாற்பத்தைந்து. இரண்டு ஃபேனும் சேர்ந்து அறுபதுக்கு மேல்.

கடைசியாக இவருடைய மெஷின். பஞ்சு மில் தின்று மிச்சம் வைத்த நுரையீரலுக்கு ராப்பகலாகத் துணை இருக்கும் மெஷின். இவர் அதைக் 'குறட்டைக்காரன்' என்பார். முந்நூற்றைம்பது வாட், இருபத்துநாலு மணி நேரம். நாளைக்கு எட்டு யூனிட்டுக்கு மேல், மாதம் இருநூற்றைம்பது. யூனிட் கூடக் கூட விலையும் ஏறும் என்றார் அண்ணன்.

நான் எழுதிய காகிதத்தைப் பார்த்ததும் அண்ணன் டெஸ்டரைப் பையில் செருகிக்கொண்டு கிளம்பப் பார்த்தார். துருவித் துருவிக் கேட்ட பிறகுதான் சொன்னார். போன வருஷம் நீங்கள் அவரைக் கூப்பிட்டு, இப்படி ஒரு மெஷின் எவ்வளவு இழுக்கும் என்று கேட்டீர்களாம். அதே வாரம் உங்கள் வெந்நீர் ஹீட்டரின் ஃபியூஸைப் பிடுங்கச் சொன்னீர்களாம். சாவி என்னிடம்தானே இருக்கிறது, உடனே கீழே போய்ப் பார்த்தேன். உங்கள் ஃப்ரிட்ஜ் காலி. கதவு மூடாமல் இருக்க மடித்துச் சொருகிய துணி தூசி படிந்து கிடக்கிறது. "ஃப்ரிட்ஜ்ல வெச்சது எனக்கு ஒத்துக்கல"ன்னு சொல்லி என்னிடம் பால் வைக்கக் கொடுத்தீர்களே அக்கா. நானும் நம்பினேன். மெஷின் வந்த நாளிலிருந்து பதினான்கு மாதமாக "எப்பவும் போல குடு போதும்" என்று நீங்கள் சொன்னதையும் நம்பினேன்.

படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். மேலே வந்து எல்லாவற்றையும் இவரிடம் கொட்டிவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து, தைத்த துணிகளைக் கொடுத்துவிட்டு வந்தேன். மாடிப்படி ஏறும்போதே கேட்கும் குறட்டைச் சத்தம் கேட்கவில்லை. ஓடினேன். இவர் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், உதடு நீலம் பாரித்திருக்கிறது, என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். மெஷினைப் போட்டு, குழாயை மாட்டி, கால் மணி நேரம் முதுகைத் தடவிய பிறகுதான் பேச்சு வந்தது. "ஒரு மணி நேரத்துக்கு ஒண்ணும் ஆவாதுன்னு நெனச்சேன். அக்கா வெந்நீரில்லாம இருந்திருக்காங்களே"ன்னு சொன்னார். வாழ்நாளில் முதல் தடவையாக இவரை வாய்க்கு வந்தபடி திட்டினேன். இனி அணைக்க மாட்டேன் என்று என் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருக்கிறார். டாக்டரும் வந்து பார்த்துவிட்டுப் போனார். பயமில்லை.

திருப்பித் தருகிறேன் என்று எழுதினால் நீங்கள் என்னோடு பேச மாட்டீர்கள், அதனால் எழுதவில்லை. இந்த மாத பில்லைக் கட்டிவிட்டேன். ஒரு கடைக்குப் பைகள் தைத்துத் தர ஒப்புக்கொண்டிருக்கிறேன், சமாளித்துவிடுவேன். மாடிக்குத் தனி மீட்டர் வாங்கினால் உங்களுக்கும் எங்களுக்கும் செலவு குறையும் என்கிறார் டெஸ்டர் அண்ணன். அதற்கு வீட்டுச் சொந்தக்காரரான நீங்கள் சம்மதிக்க வேண்டும். படிவம் உள்ளே இருக்கிறது. பென்சிலால் புள்ளி வைத்த இடத்தில் ஒரே ஒரு கையெழுத்து. மறுத்துவிடாதீர்கள் அக்கா.

இன்னொன்று. உங்களை அங்கேயே நிரந்தரமாக வைத்துக்கொள்ளப் போவதாகத் தம்பி சொன்னார். அவருக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் இவர் நேற்று குழாயை மாட்டிக்கொண்டு அறையிலிருந்து எட்டு வைத்து அளந்து பார்த்தார். மாடிப்படியின் மேல் படி வரைக்கும் குழாய் எட்டுகிறது. நீங்கள் வந்து இறங்கும்போது அங்கே நின்று பார்ப்பாராம்.

நீங்கள் நூறு வயது நோயில்லாமல் இருக்க வேண்டும்.

உங்கள் மாடி வீட்டுத் தங்கை